பெட்ரோல் விலையும் மாத்து வழியும்: கடைக்கு வர்றவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

மன்னார்குடி பக்கம் ரோட்டோரமா டூ வீலர் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. முன்னெல்லாம் வர்றவங்க பிளக், செயின், பிரேக்குன்னு பேசுவாங்க, பெட்ரோல் நூறு ரூபாய தாண்டுனதுலேந்து ஸ்டூல்ல உக்காந்த உடனே பேச்சே வேற. ஒரே சந்தேகத்த பத்து பேரு கேக்குறாங்க, பத்து பேருக்கும் ஸ்பேனர கீழ வச்சுட்டு பதில் சொல்லிக்கிட்டிருக்கேன். அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சுட்டேன். கணக்கு வர்ற எடத்துலல்லாம் பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய்னு வச்சிருக்கேன், நீங்க படிக்கிற அன்னைக்கு ரேட்டு மாறியிருந்தா அத போட்டுக்குங்க.

அண்ணே, என் வண்டி எவ்ளோ மைலேஜ் குடுக்குதுன்னு எப்படி கரெக்டா பாக்குறது?

நூறு ரூபாய்க்கு போட்டு ரெண்டு நாள் ஓட்டிப் பாத்தேன்னு சொல்றது கணக்கே இல்ல. டேங்க்க ஃபுல் பண்ணுங்க, மீட்டர்ல கிலோமீட்டர எழுதிக்குங்க, ஒரு 300 கிலோமீட்டர் ஓடுனதும் அதே பங்க்குல மறுபடி ஃபுல் பண்ணுங்க, ஓடுன தூரத்த ரெண்டாவது வாட்டி ஊத்துன லிட்டரால வகுத்தா அதான் உங்க மைலேஜ். மூணு தடவ இப்படி பாத்துட்டு எங்கிட்ட வாங்க.

நாகப்பட்டினத்துலேந்து மீன் எடுத்து டிவிஎஸ் எக்ஸ்எல் மொபட்ல வியாபாரம் பண்ற ஒருத்தர் நம்ம கடைக்கு வருவாரு, தினக் காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம் எழுதி ஆணியில குத்தி வச்சிருப்பாரு. 55 குடுத்துக்கிட்டிருந்த வண்டி 44க்கு இறங்குனத அந்த தாளுதான் காட்டிக் குடுத்துச்சு. சென்டர் ஸ்டாண்டு போட்டு பின் சக்கரத்த கையால சுத்துனா ரெண்டு மூணு சுத்தாவது தானா ஓடணும், அவரு வண்டில அரைச் சுத்துலயே நின்னுச்சு. மீன் ஐஸ் தண்ணி சொட்டிச் சொட்டி பிரேக் ஷூவ விரிக்கிற கேம் துருப்புடிச்சு, ஷூ சக்கரத்து டிரம்ம கவ்விக்கிட்டே இருந்துருக்கு. கழட்டி உப்புத்தாள் போட்டு தேச்சு கிரீஸ் வச்சதோட சரி, மறு வாரம் தாள்ல 53ன்னு எழுதியிருந்தாரு.

செலவே பண்ணாம மைலேஜ் ஏத்த வழி இருக்கா?

இருக்கு. வாரம் ஒரு தடவ டயர்ல காத்து பாருங்க, அளவு செயின் கவர்லயோ ஸ்விங் ஆர்ம்லயோ ஒட்டியிருக்கும். அறுப்பு சீசன்ல ரோட்டுல நெல்லு, வைக்கோல் தூசி பறக்குறப்ப ஏர் ஃபில்டர் ஒரே மாசத்துல அடைச்சுக்கும், அத பாக்காம விட்டா வண்டி பெட்ரோல வாரிக் குடிக்கும். கிளட்ச்சுல விரல வச்சுக்கிட்டே ஓட்டாதீங்க. 45லேந்து 50க்குள்ள ஓட்டுங்க, 70ல போனா காத்த கிழிக்கவே பாதி பெட்ரோல் போயிடும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டு மூடுனா என்ன ஆகும்னு நம்ம ஆளுங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, அங்க இன்ஜின ஓட விட்டுக்கிட்டு ஆக்சிலேட்டர முறுக்கிக்கிட்டே நிக்கிறவங்கள பாத்தா மனசு கேக்காது எனக்கு. அரை நிமிஷத்துக்கு மேல நிக்கணும்னா ஆஃப் பண்ணிடுங்க.

காலையில வெள்ளனவே போட்டா பெட்ரோல் அதிகம் கிடைக்குமாம்ல, 100க்கு போடாம 110க்கு போடணுமாம்ல?

பெட்ரோல் இருக்குறது பூமிக்கு அடியில டேங்க்குல, காலையிலயும் மத்தியானமும் அங்க சூடு பெருசா மாறாது. 110 ரூபா விஷயமும் அப்படித்தான், மெஷின் கெட்டிருந்தா 110க்கும் குறைச்சுதான் ஊத்தும். ரூபாய விட்டுட்டு லிட்டர்ல கேளுங்க, மீட்டர் சைபர்ல நிக்குறத பாத்துட்டு ஊத்தச் சொல்லுங்க, அது போதும்.

அளவுல குறையுதுன்னு சந்தேகம் வந்தா என்ன பண்றது, சண்டை போட பயமா இருக்கு?

சண்டையே வேணாம். எல்லா பங்க்லயும் முத்திரை போட்ட 5 லிட்டர் அளவு கேன் இருக்கணும், கேட்டா உங்க கண்ணு முன்னாடி ஊத்திக் காட்டணும். அஞ்சு லிட்டருக்கு 25 மில்லி வரைக்கும் முன்ன பின்ன இருக்கலாம், அதுக்கு மேல குறைஞ்சா தப்பு. கலப்படம்னு தோணுனா ஃபில்டர் பேப்பர் கேளுங்க, ஒரு சொட்டு விட்டா காஞ்சதும் கறை இல்லாம போயிடணும். எனக்கே ஒரு பங்க்ல ஒரு தடவ குறைச்சாங்க, கேன் கொண்டாங்கன்னு அமைதியா சொன்னேன், மேனேஜரே வந்து மெஷின மாத்தி ஊத்தச் சொன்னாரு. ஒத்துக்கலன்னா பில்லோட தொழிலாளர் துறையில எடையளவு பிரிவுல புகார் குடுக்கலாம். பொட்டிக்கடை பாட்டில் பெட்ரோலுக்கு இந்த வழி எதுவுமே இல்ல, அத வாங்காதீங்க.

கச்சா எண்ணெய் இறங்குதுன்னு நியூஸ்ல சொல்றாங்க, பங்க்ல மட்டும் ஏன் இறங்க மாட்டேங்குது?

நீங்க குடுக்குற காசுல பெரிய பங்கு வரிக்கு போவுது. ஒன்றிய அரசோட கலால் வரி ஒண்ணு, மாநிலத்தோட வாட்ங்கற விற்பனை வரி ஒண்ணு. நம்ம மாநில வாட் பெட்ரோலுக்கு 13 சதவீதம், அதுக்கு மேல லிட்டருக்கு 11 ரூபா 52 காசு. கச்சா எண்ணெய் எவ்ளோ இறங்குனாலும் ரூபாயா வச்ச வரி இறங்காது. 2020 மே மாசம் ஊரடங்குல உலகத்துல எண்ணெய் கேக்க ஆளில்லாம கெடந்தப்ப, இங்க கலால பெட்ரோலுக்கு 10 ரூபா, டீசலுக்கு 13 ரூபா ஏத்துனாங்க, அதே மாசம் மாநிலமும் ஏத்துச்சு. அப்புறம் 2021 நவம்பர்லயும் 2022 மே மாசத்துலயும் கலால குறைச்சாங்க, மாநிலமும் 2021 ஆகஸ்டுல 3 ரூபா குறைச்சுச்சு. 2017லேந்து விலை தினம் காலைல 6 மணிக்கு மாறலாம்னு ஏற்பாடு இருந்தாலும் மாசக்கணக்கா ஒரே ரேட்டு நிக்குறதையும் நாம பாத்துருக்கோம்.

ஜிஎஸ்டில ஏன் இல்லன்னு அடுத்த கேள்வி வரும். 2017ல ஜிஎஸ்டி வந்தப்பவே கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் அஞ்சையும் வெளில வச்சுட்டாங்க. உள்ள கொண்டு வந்தா ரெண்டு அரசுக்கும் வருமானம் அடி வாங்கும், அதனால பேச்சோடயே நிக்கிது.

நம்ம மண்ணுலயே எண்ணெய் எடுக்குறாங்க, நமக்கு கூட கொறைச்சு குடுக்கக் கூடாதா தம்பி?

இத கேக்குறது பெரும்பாலும் வயசானவங்க, அவுங்க கேக்குறதுல நியாயமும் இருக்கு. நரிமணம், அடியக்கமங்கலம், கோவில்களப்பால், குத்தாலம்னு நம்ம சுத்துவட்டாரத்துல எண்ணெயும் கேஸும் எடுத்தாங்க, நாகப்பட்டினம் பக்கம் பனங்குடில 1993லயே சுத்திகரிப்பு ஆலையும் வந்துச்சு. ஆனா நாடு பூரா தேவைப்படுறதுல 85 சதவீதத்துக்கு மேல வெளிலேந்து வருது, இங்க எடுக்குற கொஞ்சத்துக்கும் உலக மார்க்கெட் வெலதான். வயலு நம்மளுது, வெல நம்மளுது இல்ல. 2017ல கதிராமங்கலத்துல குழாய் கசிஞ்சு வயல்ல எண்ணெய் பரவுனப்ப ஜனங்க தெருவுக்கு வந்தது, 2020ல டெல்டாவ பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் போட்டது எல்லாம் உங்களுக்கு தெரியும். என்னை கேட்டா நெல்லு வெளையுற மண்ண தோண்டி பெட்ரோல் வெலய இறக்க முடியாது, அதுக்கு ஆசப்படவும் கூடாது.

எத்தனால் கலந்ததுலேந்து மைலேஜ் குறைஞ்சுடுச்சு, உண்மையா மனப்பிரமையா?

உண்மைதான். இப்ப வர்றது இ20, அதாவது 100ல 20 பங்கு எத்தனால், கரும்புலேந்தும் அரிசி, மக்காச்சோளத்துலேந்தும் எடுக்குறது. ஒரு லிட்டர் எத்தனால்ல இருக்குற சக்தி பெட்ரோல்ல மூணுல ரெண்டு பங்குதான், அதனால கணக்குப் பாத்தா இ20ல சக்தி 6, 7 சதவீதம் கம்மி. 50 குடுத்த வண்டி 47 குடுக்கும். அதே வண்டி 38க்கு வந்துட்டா அது எத்தனால் மேல போட வேண்டிய பழி இல்ல, முதல் கேள்வியில சொன்ன மாதிரி சக்கரத்த சுத்திப் பாருங்க.

2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டில ரப்பர், டியூப்பெல்லாம் இ20க்கு ஏத்த மாதிரி போட்டுருக்காங்க. அதுக்கு முந்துன வண்டின்னா சர்வீஸ்ல பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் ஓ ரிங்கு, நீடில் மூணையும் பாக்கச் சொல்லுங்க, டியூப்ப மடிச்சுப் பாத்தா வெடிப்பு தெரியும். மாத்துறதுக்கு பெரிய செலவு ஆகாது, மாத்தாம விட்டா பெட்ரோல் கசிஞ்சு இன்ஜின் மேல சொட்டும், அதான் பயம்.

மழைக்கு அப்புறம் வண்டி இருமுது, "பெட்ரோல்ல தண்ணி"ங்கறீங்க, நான் தண்ணி ஊத்தலையே?

நீங்க ஊத்தல, டேங்க்கு மூடி ரப்பர் வழியா இறங்கியிருக்கும். எத்தனாலுக்கு தண்ணின்னா உசுரு. கொஞ்சம் தண்ணிய தன்னோட கரைச்சு வச்சுக்கும், அளவு மீறுனா பெட்ரோல விட்டுட்டு தண்ணியோட சேந்து அடியில போயி படுத்துக்கும். பெட்ரோல் டியூப்பு உறிஞ்சுறது அடியிலேந்துதான், அதான் வண்டி இருமுது.

நம்பிக்கை இல்லன்னா கடையிலயே செஞ்சு காட்டுறேன். காலி இருமல் மருந்து பாட்டில்ல 10 மில்லி தண்ணி ஊத்தி கோடு போடுவேன், மேல 90 மில்லி பெட்ரோல் ஊத்தி மூடி குலுக்கி வைப்பேன். எத்தனால் இல்லாத பெட்ரோலா இருந்தா அடியில அதே 10 மில்லிதான் நிக்கும். இ20ல பாருங்க, கோட்ட தாண்டி கிட்டத்தட்ட மூணு மடங்கு ஏறி நிக்கும், அந்த எத்தனால் பூரா தண்ணி பக்கம் வந்துடுச்சு. வீட்டுல அடுப்பு பக்கம் இத செய்ய வேணாம். ஐப்பசி, கார்த்திகைல வண்டிய மழையில நிறுத்தாதீங்க, மூடி ரப்பர வருஷம் ஒரு தடவ மாத்துங்க, ரொம்ப நாள் ஓட்டாம போடணும்னா டேங்க்க காலியா விடாதீங்க.

பெட்ரோல்ல கொஞ்சமா மண்ணெண்ணெய் கலந்துக்கிட்டா?

வேணாம். சரியா எரியாது, பிளக்குல கரி புடிக்கும், ஆயில்ல இறங்கி அதையும் கெடுக்கும். லிட்டருக்கு பத்து ரூபா மிச்சம் புடிச்சு இன்ஜின் போர் வேலைக்கு, அதாவது சிலிண்டர கடைஞ்சு பிஸ்டன் மாத்துறதுக்கு, ஆயிரக்கணக்குல அழுதவங்கள பாத்துருக்கேன். சட்டப்படியும் குத்தம்.

தண்ணியில ஓட வைக்கிற கிட் யூடியூப்ல வருதே, மூலிகை பெட்ரோல்னு ஒண்ணு வந்துச்சே, அதெல்லாம் என்ன ஆச்சு?

தண்ணிங்கறது ஹைட்ரஜன் எரிஞ்சு முடிஞ்ச சாம்பல் மாதிரி. சாம்பல மறுபடி விறகாக்கணும்னா எரிஞ்சப்ப வந்த சக்திய விட அதிகமா குடுக்கணும், அந்த கரண்டு உங்க வண்டி பேட்டரிலேந்துதான் வரணும், பேட்டரிக்கு இன்ஜின் குடுக்கணும், இன்ஜினுக்கு பெட்ரோல் வேணும். சுத்திச் சுத்தி நட்டம்தான். மூலிகை பெட்ரோல் பேச்சு 1996ல ராஜபாளையம் பக்கத்துலேந்து கெளம்பி நாடு பூரா நம்புச்சு, நானும் நம்புனேன், விஞ்ஞானிங்க சோதிச்சப்ப இலையும் தண்ணியும் பெட்ரோலா மாறவே இல்ல. இப்ப கிட்டுன்னு 5,000, 8,000 வாங்கிட்டு போறவங்க கஷ்டப்படுறவங்க காசத்தான் எடுக்குறாங்க.

காட்டாமணக்கு எண்ணெய், புங்க எண்ணெய் ஊத்தி டீசல் இன்ஜின் ஓட்டலாமா?

ஓடும், அது பொய் இல்ல. ஆனா எண்ணெய அப்படியே ஊத்துனா கெட்டியா இருக்கும், இன்ஜெக்டர்ல பிசின் மாதிரி புடிச்சுக்கும். பயோ டீசல்னா மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் போட்டு கிளிசரின பிரிச்சு எடுக்கணும், வீட்டுக் கொல்லையில செய்யுற வேலை இல்ல. 2000க்கு அப்புறம் காட்டாமணக்கு நடுங்க நடுங்கன்னு ஒரே பிரச்சாரம், நட்டவங்களுக்கு சொன்ன மகசூலும் வரல, வாங்க ஆளும் வரல. யாராவது மறுபடி கன்னு விக்க வந்தா, காயை என்ன வெலைக்கு வாங்கிக்குவேன்னு எழுதிக் குடுங்கன்னு மொதல்ல கேளுங்க.

வீட்டு சிலிண்டர கார்ல மாட்டி ஓட்டுறாங்களே அண்ணே?

செய்யாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். 14.2 கிலோ சிலிண்டர் சமையலுக்கு மட்டும்தான், வண்டில போட்டா வழக்கு போடுவாங்க, விபத்து ஆனா இன்சூரன்ஸும் வராது. எல்லாத்துக்கும் மேல, டியூப்ப போட்டு ஒண்ணுலேந்து ஒண்ணுக்கு ஏத்துறப்ப கசியுற கேஸ் காத்த விட கனம், தரையிலயே தேங்கி நிக்கும், ஒரு சுவிட்ச் போட்டா போதும், தீப்புடிச்சுடும். கேஸ்ல ஓட்டணும்னா ஆட்டோ எல்பிஜி தனியா இருக்கு, முறையா கிட் போட்டு ஆர்சி புக்குல ஏத்தி ஓட்டுங்க.

சிஎன்ஜி பைக், சிஎன்ஜி ஆட்டோ நம்ம ஊருக்கு சரிப்படுமா?

சிஎன்ஜின்னா அழுத்தி அடைச்ச இயற்கை எரிவாயு, ஆட்டோக்காரங்களுக்கு நல்ல வழி. ஒரு கிலோ சிஎன்ஜில கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் பெட்ரோலோட சக்தி இருக்கு, கிலோவும் லிட்டரும் ஒண்ணுன்னு நெனச்சு ரேட்ட பாக்குறவங்க இத விட்டுடுறாங்க. 2024 ஜூலைல பஜாஜ் ஃப்ரீடம் 125ன்னு சிஎன்ஜி பைக்கே வந்துடுச்சு, 2 கிலோ சிஎன்ஜி, கூட 2 லிட்டர் பெட்ரோல் டேங்க். வாங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை பண்ணுங்க, நீங்க தினம் போற ரூட்டுல சிஎன்ஜி போடுற பங்க் எத்தன, அதுல காலைல கியூ எவ்ளோன்னு ஒரு வாரம் பாருங்க. சிஎன்ஜி போடவே 15 கிலோமீட்டர் போகணும்னா லாபம் ரோட்டுலயே போயிடும். சிலிண்டர்ல 200 பார் அழுத்தம் இருக்கும், 3 வருஷத்துக்கு ஒரு தடவ டெஸ்ட் பண்ணணும், அத தள்ளிப் போடாதீங்க.

பேட்டரி வண்டி வாங்குனா உண்மையிலேயே லாபமா?

அது நீங்க தினம் எவ்ளோ ஓட்டுறீங்கங்கறத பொறுத்தது. திருவாரூர்லேந்து பக்கத்து ஊருக்கு போய் வர்ற ஒருத்தருக்கு தினம் 40 கிலோமீட்டர், மாசம் 26 நாள், மொத்தம் 1,040 கிலோமீட்டர்னு வைங்க. லிட்டருக்கு 50 குடுக்குற பைக்குல 21 லிட்டர், 2,100 ரூபாய்க்கு மேல. பேட்டரி ஸ்கூட்டர் ஒரு யூனிட்டுக்கு சுமார் 30 கிலோமீட்டர் ஓடும், 35 யூனிட், யூனிட் 8 ரூபாய்னு தாராளமா போட்டாலும் 280 ரூபா. மாசம் 1,800 மிச்சம், வருஷத்துக்கு 22,000 கிட்ட. கடைக்கும் வீட்டுக்குமா தினம் 8 கிலோமீட்டர் ஓட்டுறவங்களுக்கு மாசம் 370 ரூபாதான் மிஞ்சும், அவுங்களுக்கு ஓடுற வண்டிய வித்துட்டு கடன் வாங்கி புதுசு எடுக்காதீங்கன்னுதான் சொல்லுவேன்.

வாங்குறவங்க மூணு விஷயம் கேளுங்க. விளம்பரத்துல 120 கிலோமீட்டர்னா ரெண்டு பேரு உக்காந்து போனா 80, 85ன்னு வச்சுக்குங்க. பேட்டரி வாரண்டி எத்தன வருஷம், எத்தன கிலோமீட்டர்னு எழுத்துல வாங்குங்க, ஏன்னா வாரண்டி முடிஞ்சு மாத்துனா அரை லட்சத்துக்கு மேல போகலாம். சர்வீஸ் சென்டர் தஞ்சாவூர்லயோ கும்பகோணத்துலயோ இருக்கான்னு பாருங்க, நேரா போய் வாசல்ல நிக்குற கஸ்டமர்ங்ககிட்ட பேசுங்க. என் தொழிலுக்கு இது நட்டம்தான், ஆயில் மாத்த ஆள் வரமாட்டாங்க, ஆனாலும் 40 கிலோமீட்டர் ஓட்டுறவங்களுக்கு வேற பதில் சொல்ல மனசு வரல.

கரண்ட் பில்லு ஏறிடாதா, மோட்டார் கொட்டாய்ல இலவச கரண்ட்டுல போட்டுக்கலாமா?

மேல பாத்த கணக்குல மாசம் 35 யூனிட், ரெண்டு மாச பில்லுல 70 யூனிட் ஏறும். நம்ம ஊரு பில்லு படிப்படியா ஏறுற பில்லு, ஏற்கனவே 450, 480 யூனிட்ல நிக்கிற வீடுன்னா இந்த 70 உங்கள அடுத்த படிக்கு தள்ளிடும், கீழ் படில கிடைச்ச சலுகையிலயும் கொஞ்சம் போயிடும். அதனால பழைய கரண்ட் அட்டைய எடுத்து ஒரு வருஷ யூனிட்ட பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

மோட்டார் கொட்டாய்ல போடவே போடாதீங்க. அந்த இணைப்பு பயிருக்கு தண்ணி பாய்ச்ச குடுத்தது, வேற வேலைக்கு எடுத்தா அபராதம் வரும், இணைப்பே போற அளவுக்கு வம்பு. சார்ஜ் போடுற பிளக்குல எர்த் இருக்கான்னு எலக்ட்ரீஷியன வச்சு பாருங்க, பழைய ஓட்டு வீட்டுல பாதிக்கு மேல எர்த்தே இருக்காது.

வெள்ளம் வந்தா பேட்டரி வண்டி என்ன ஆகும், கஜா புயல் மாதிரி வந்தா?

பேட்டரில ஐபி67ன்னு போட்டுருந்தா ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் தாங்கும்னு அர்த்தம். முட்டிக்கால் தண்ணிய கடக்கலாம், ராத்திரி பூரா முங்கிக் கெடந்தா தாங்காது. தண்ணில நின்ன வண்டிய சார்ஜ் போடாதீங்க, ஆன் பண்ணாதீங்க, சர்வீஸ் ஆள கூப்புடுங்க. வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் உப்புக் காத்துல கனெக்டர் பச்ச புடிக்கும், மூணு மாசத்துக்கு ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க.

கஜா 2018 நவம்பர் 16 விடியக்காலம் அடிச்சு முடிச்சப்ப எங்க தெருவுல ஒரு போஸ்ட்டு நிக்கல, கிராமத்துல பல எடத்துல வாரக்கணக்கா கரண்ட் இல்ல. அப்ப பேட்டரி வண்டி இருந்திருந்தா தாழ்வாரத்துலதான் கெடந்துருக்கும். ஆனா பெட்ரோல் வண்டிக்காரங்களும் ஜெனரேட்டர் ஓடுன ஒண்ணு ரெண்டு பங்க்ல கேன தூக்கிக்கிட்டு மணிக்கணக்கா நின்னோம். அதனால வீட்டுல ரெண்டு வண்டி இருந்தா ஒண்ணு பேட்டரி, ஒண்ணு பெட்ரோல்னு வைங்க. ஒரே வண்டிதான், அதுவும் கடலோர கிராமம்னா இன்னும் கொஞ்ச நாள் பெட்ரோல்லயே இருங்க.

என் பழைய பைக்க பேட்டரிக்கு மாத்தித் தர்றேங்கறாங்க, குடுக்கலாமா?

அந்த கிட்டுக்கு அரசு அங்கீகரிச்ச சோதனை மையத்தோட சான்று இருக்கா, ஆர்டிஓல ஆர்சில எரிபொருள மாத்தித் தருவாங்களா, இந்த ரெண்டுக்கும் காகிதம் காட்டுனா பேசுங்க. ஆர்சில பெட்ரோல்னு இருக்க வண்டில பேட்டரி ஓடுனா விபத்துல இன்சூரன்ஸ் காரங்க கைய விரிச்சுடுவாங்க.

தம்பி, வயலுக்கு டீசல் இன்ஜின் வச்சிருக்கேன், அறுப்பு மிஷின் வாடகையும் ஏறுது, எங்களுக்கு என்ன வழி?

அஞ்சு ஹெச்பி டீசல் இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டர் கிட்ட குடிக்கும். மேட்டூர் ஜூன் 12க்கு தொறந்து ஆத்துத் தண்ணி வந்துட்டா பொழச்சோம், இல்லன்னா குறுவைய காப்பாத்த எத்தன மணி நேரம் ஓடுதுன்னு நீங்களே கணக்கு பாருங்க. வேளாண் பொறியியல் துறையில சோலார் பம்பு செட்டுக்கு 60 சதவீதம் மானியம் குடுத்தாங்க, இப்ப உங்க மாவட்டத்துல விண்ணப்பம் வாங்குறாங்களான்னு பட்டா, சிட்டாவோட போய் கேளுங்க. பகல்ல ஓடும், மூடாப்பா இருந்தா கம்மியா ஓடும், ஆனா டீசல் செலவு சுத்தமா நின்னுடும்.

அறுப்பு மிஷின தனித்தனியா கூப்புடாதீங்க. அடுத்தடுத்த வயக்காரங்க ஒரே நாள் பேசி வச்சு கூப்புட்டா மிஷின் அங்கயும் இங்கயும் அலையாது, வாடகையும் பேசிக் குறைக்கலாம்.

காலேஜ் போற பொண்ணுக்கு ஸ்கூட்டி கேக்குது, வாங்கிக் குடுக்கவா?

மொதல்ல பஸ் ரூட்ட பாருங்க. 2021லேந்து சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டே இல்ல. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைன்னு ரயில் ஓரமா இருக்க ஊருன்னா பாசஞ்சர் சீசன் டிக்கெட் பெட்ரோல் செலவுல சின்ன பங்குகூட வராது. பஸ் நேரம் ஒத்து வரல, சாயங்காலம் இருட்டுல ஸ்டாப்புல நிக்க வேண்டியிருக்குன்னா காச பாக்காதீங்க, வாங்கிக் குடுங்க. கிலோமீட்டர் கணக்குக்கு, மேல சொன்ன பேட்டரி வண்டி பதில பாருங்க.

பேட்டரி வண்டி எடுத்துட்டேன், அப்பாவோட பழைய எக்ஸ்எல்ல என்ன பண்றது?

இன்ஜின் நல்லா இருந்தா வச்சுக்குங்க, நெல்லு மூட்டை தூக்க அதுக்கு ஈடு இல்ல, வெள்ளத்துக்கும் ஒதவும். வாரம் ஒரு தடவ பத்து நிமிஷம் ஓட்டுங்க, இன்சூரன்ஸ விட்டுடாதீங்க. விக்கிறதுன்னா தெரிஞ்சவருதானேன்னு சாவிய மட்டும் குடுத்துடாதீங்க, ஃபார்ம் 29, 30ல கையெழுத்து வாங்கி ஆர்டிஓல பேரு மாறுற வரைக்கும் கூடவே இருங்க. அப்பா பேருல இருந்து அவரு இப்ப இல்லன்னா மொதல்ல இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வச்சு உங்க பேருக்கு மாத்தணும், அதுக்கு ஃபார்ம் 31.